மேலடுக்கின் முடிச்சு

எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெற்றிடக் கலத்தின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை, அதில் பச்சை எழுத்தில் உள்ளே மிச்சமிருக்கும் காற்றின் அளவு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கதவை மூடினார்கள், அப்போதிருந்து பம்பு ஒரே சுருதியில் உறுமுகிறது, நான் அப்போதிருந்து நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னவோ ஒரு ருசி. காகிதமா, மருந்தா, சொல்லத் தெரியவில்லை. காலையில் வந்தது, டீ குடித்தபோது போனது, மோர்சாதத்துக்குப் பிறகு திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விடு, எண்ணைப் பார். உள்ளே எங்கள் செயற்கைக்கோள் இருக்கிறது, நான்கு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிப் பூட்டியது, கல்லூரியில் அதற்கு டிபன் கேரியர் என்றுதான் பெயர். கீழடுக்கில் மின்கலம், அதன் மேல் கணினி, அதன் மேல் செய்தி வாங்கி அனுப்பும் பெட்டி, உச்சியில் ஆன்டெனா. எந்த அடுக்கையும் தனியாகக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், அதுதான் எங்கள் வடிவமைப்பின் பெருமை. ஆளையும் அடுக்குப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நிலோஃபர் கீழடுக்கு. செங்கதிர் அணித்தலைவன், அவன் மொத்தக் கேரியரின் கைப்பிடி. நான் ஆன்சி, மேலடுக்கு. என் அடுக்கில் நான்கு எஃகுப் பட்டைகள் சுருண்டு கிடக்கின்றன, ஹார்டுவேர் கடையில் வாங்கிய அளவு டேப்பை வெட்டியதுதான், அங்குல எண்கள் இன்னும் மஞ்சளில் தெரிகின்றன. அவை விறைத்து எழாமல் ஒரு நைலான் நரம்பு கட்டி வைத்திருக்கிறது. வானத்துக்குப் போனபின் ஒரு சின்னக் கம்பி சூடேறி அந்த நரம்பை எரிக்கும், பட்டைகள் விரியும், கோள் பேசும். அந்த நரம்புக்கு முடிச்சுப் போட்டது நான். இன்று காலையில் போட்டேன். போடும்போது எச்சில் தொட்டேனா, தொடவில்லையா என்பதுதான் எனக்கு ஞாபகமில்லை.

இப்படிச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். எச்சில், அதுவும் இந்த இடத்தில். முதல் நாளே கமலவேணி மேடம் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிவிட்டார், இந்தச் சோதனைக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. தலையில் எண்ணெய் கூடாது, மை கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. செங்கதிர் சத்தமில்லாமல் போய் முகம் கழுவிவிட்டு வந்தான், அவன் பவுடர் போடுகிற ஆள் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு விரல் ரேகை போதும், வெற்றிடத்தில் அது ஆவியாகிக் கிளம்பி, பக்கத்தில் பயணம் செய்யும் பெரிய கோளின் கண்ணாடிக் கண்ணில் போய்ப் படியும், அவர்கள் பல வருடம் உழைத்தது உங்கள் கைவிரலால் மங்கும் என்றார். சோதனையில் அப்படி ஏதாவது தெரிந்தால் உங்கள் கோளை ராக்கெட்டில் ஏற்ற மாட்டார்கள், நானே ஏற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பேன் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. விரல் ரேகைக்கே இந்தப் பாடு என்றால் எச்சிலுக்கு என்ன. ஆனால் எங்கள் வீட்டில் எச்சில் இல்லாமல் முடிச்சு கிடையாது. குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை வீடு, அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர், நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் தொங்கும், ஒவ்வொரு தூண்டிலுக்கும் ஒரு நரம்பு, ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு முடிச்சு. எனக்கும் மேபல் அக்காவுக்கும் அது தலையெழுத்து. டி.வி. பார்க்க வேண்டுமென்றால் தூண்டில் கட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். நரம்பைச் சுற்று, வளையத்தில் நுழை, வாயில் வைத்து நனை, இழு. நனைக்காமல் இழுத்தால் நைலான் தன்மேல் தானே உரசிச் சூடாகும், முடிச்சு பார்வைக்கு இறுகினது போல இருக்கும், மீன் இழுக்கிற அன்றைக்கு வழுக்கும். இதை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. கை தன்பாட்டுக்குக் கட்டும், வாய் தன்பாட்டுக்கு நனைக்கும், கண் டி.வி.யில் இருக்கும். கண் வேறெங்கோ இருந்ததுதான் இப்போது வினையாகிவிட்டது.

காலையை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். வெள்ளை அங்கி, கையுறை, தலைமூடி, முகமூடி. நிலோஃபர் டார்ச் பிடித்தாள். நான் குனிந்தேன். நரம்பை நான்கு பட்டைகளின் மேலும் கொண்டு வந்தேன், அது சூட்டுக் கம்பியின் மேல் படுகிறதா என்று பார்த்தேன், சுற்றினேன், நுழைத்தேன். இது வரைக்கும் தெளிவாக இருக்கிறது. நுழைத்த பிறகு ஒரு இடம் காலி. அதற்கப்புறம் முடிச்சு இறுகி இருக்கிறது, நிலோஃபர் சூப்பர்டீ என்கிறாள், செங்கதிர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்குகிறான். நடுவில் என்ன. நடுவில் நான் எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். எதை என்பதுகூட ஞாபகத்தில் இருக்கிறது, அதுதான் எரிச்சல், விடுதி அறையில் காயப்போட்ட துணியை எடுத்தோமா என்று நினைத்தேன். செயற்கைக்கோளின் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது துணி ஞாபகம். முகமூடி தாடைக்குக் கீழே இருப்பதுபோல ஒரு படம் வருகிறது, மூக்கில் குளிர்ந்த காற்று படுகிறது, சரி, இறக்கியிருக்கிறேன் என்று முடிவுக்கு வருகிறேன். உடனே இன்னொரு படம், அது உடை மாற்றும் அறை, டீக்கு முன்னால் இறக்கியது என்கிறது. இரண்டும் ஒரே முகமூடி, ஒரே தாடை, ஒரே குளிர்ந்த காற்று. எது எந்த நேரம் என்று எப்படிப் பிரிப்பது. அந்த முகமூடியையும் குப்பைக்கூடையில் போட்டாயிற்று. ஞாபகத்தை எத்தனை தடவை ஓட்டுகிறேனோ அத்தனை தடவை அது எனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. முதல் தடவை ஓட்டும்போது முகமூடி மூக்கில்தான் இருந்தது. இப்போது அது நிச்சயமாகத் தாடையில் இருக்கிறது. நிலோஃபர் என்னைப் பார்த்து என்னடீ முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாள், தலைவலி என்றேன், தைலம் எடுக்கப் பையைத் திறந்தவள் இங்கே தைலமும் கூடாது என்று ஞாபகம் வந்து மூடிவிட்டாள்.

எண் இன்னும் இறங்குகிறது. இந்த அளவுக்குக் காற்று குறைந்துவிட்டால் ஈரம் என்று ஒன்று இருந்தால் இந்நேரம் கிளம்பியிருக்கும், கலத்தின் சுவரில் படிந்திருக்கும். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வைத்திருக்கிறார்கள், சோதனை முடிந்ததும் அதை எடுத்து என்ன படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் துண்டில் என் வாய் இருக்கும். வேண்டாம், இப்படி யோசிக்காதே. தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தொடவில்லை என்றால் சுத்தம், ஆனால் முடிச்சு உலர்ந்த முடிச்சு. அடுத்து கலத்தைச் சூடாக்குவார்கள், சூட்டில் நைலான் தளரும், தளர்ந்தால் வழுக்கும், நாங்கள் கட்டளை அனுப்புவதற்கு முன்னாலேயே பட்டைகள் படாரென்று விரியும். ராக்கெட்டுக்குள்ளே அப்படி விரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, நனைத்திருந்தால் முடிச்சு தப்பும், நாங்கள் தப்ப மாட்டோம். நனைக்காவிட்டால் நாங்கள் சுத்தமானவர்கள், முடிச்சு கைவிட்டுவிடும். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு எதற்கு இந்த வேலை. நிலோஃபர் புத்தகம் பார்த்துப் போட்ட முடிச்சு அதிர்வுச் சோதனையின் குலுக்கல் மேடையில் நழுவியபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், குடு நான் கெட்டுகேன், நாங்க பிறந்ததே நரம்புக்குள்ளதான் என்று சொன்னவள் நான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வாரம் போனால் இந்தக் கலம் வேறு கல்லூரிக்கு, மாதக் கடைசிக்குள் கோளை ஒப்படைக்காவிட்டால் ராக்கெட்டில் எங்கள் இடமும் வேறு கல்லூரிக்கு. செங்கதிர் கிடைத்த வேலையில் சேராமல் இதற்காகத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு இது வேலைக்காகவோ பட்டத்துக்காகவோ இல்லை, எனக்கு வேண்டியது வேறு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அடித்த புயலில் சித்தப்பாவின் படகு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வயர்லெஸ் பெட்டியில் கரகரப்பு மட்டும் வந்தது, சித்தி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதோடு பேசினாள். அவர் வரவில்லை. எங்கள் கோள் கடலில் இருக்கிற படகின் சின்னப் பெட்டியிலிருந்து ஒரு வரிச் செய்தியை வாங்கிக் கரைக்குக் கொடுக்கும், இங்கே இருக்கிறோம் என்கிற ஒரு வரி. ஆன்டெனா விரியாவிட்டால் அதுவும் கரகரப்புதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் எல்லோரும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்கள், எனக்குப் பிடிக்காது.

துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி விரலில் சுற்றிக் கட்டிப் பார்க்கிறேன், கை என்ன செய்கிறது என்று. சுற்றினேன், நுழைத்தேன். கை நின்றுவிட்டது. நான் பார்க்கிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைபோல ஒழுங்காக இருக்கிறது. வேறெங்காவது பார்த்துக்கொண்டு கட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்தேன், சுவரில் தீயணைக்கும் சிவப்பு உருளை, அதன்மேல் சோதித்த தேதி, கட்டினேன், கையைத்தான் பார்க்கிறேன், சுவரை வைத்துக் கையைப் பார்க்கிறேன். பிரயோஜனமில்லை. நிலோஃபரிடம் கேட்டுவிடலாம், அவள் அங்கேயே நின்றாள். கேட்டேன், சும்மா கேட்பதுபோல, நான் முடிச்சுப் போடும்போது நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. கம்பியைத்தான் பார்த்தேன், நரம்பு கம்பியை விட்டு நகர்ந்துவிடக் கூடாதே, உன் மூஞ்சியையா பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாள். சரிதான். நல்ல பொறியாளர் அப்படித்தான் பார்ப்பாள். செங்கதிர் திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, எண் இறங்க இறங்கக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான், சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் அப்படி ஆட்டுவான். அந்தக் காலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஒருவேளை ஒன்றுமே ஆகாது. ஒரு துளி எச்சில், அதிலும் முக்கால் பங்கு தண்ணீர், கிளம்பிப் போய்விடும், கண்ணாடித் துண்டில் ஒன்றும் தெரியாது, யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்று நினைத்த உடனே நாக்கில் அந்த ருசி இன்னும் கூடியது.

வராந்தாவுக்கு வந்து மேபல் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் நாகர்கோவிலில் நர்ஸ், ஆப்பரேஷன் தியேட்டரில் வேலை. நாலாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தாள், வாயில் ஏதோ மென்றுகொண்டே பேசினாள். முடிச்சு, முகமூடி, கலம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். எச்சி தொடாம நீ கெட்டி நான் கண்டதே இல்லியேட்டி என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அது குரலில் தெரிந்திருக்க வேண்டும், மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இஞ்ச பாரு ஆன்சி. தியேட்டர்ல எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கை எங்கயாம் பட்டுதா படலியான்னு சந்தேகம் வந்துட்டுன்னா, பட்டாச்சுன்னுதான் வெப்போம். யாரும் கண்டாவளா காணலியா, அது கணக்கே இல்ல. கழத்திப் போட்டுட்டு மொதல்லயிருந்து கழுவணும். டாக்டர் ஏசுவாரு. ஏசட்டும்."

"பட்டிருக்காட்டி?"

"பட்டிருக்காட்டி ஒரு கையுறை போச்சு. வேற என்னத்த போச்சு?"

ஒரு கையுறையா போகும் இங்கே. ஒரு மதியம் போகும், கலத்தில் காற்று நிறைந்து திரும்பக் காலியாக வேண்டும், சூட்டுக்கு அடுத்து வரும் குளிர்ச் சோதனைக்கு நேரம் இல்லாமல் போகலாம், செங்கதிரின் கால் நின்றுவிடும். அக்காவுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டே வராந்தாவில் நடந்தேன், நடக்க நடக்க அவளுக்குத்தான் புரியும் என்றும் தோன்றியது, அவள் முன்னால் வயிறு திறந்த ஆள் படுத்திருக்கிறான். எனக்கு நிச்சயம் வேண்டும் என்று காலையைத் தோண்டிக்கொண்டே இருந்தேன், நிச்சயம் வரவே வராது, அது இல்லாமலேயே எழுந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று கதவருகே நின்றேன். எண் இறங்கியது. சூடு ஏற்றத் தொடங்கட்டும், அப்போது சொல்லலாம். சூடு ஏற்றிவிட்டால் நிறுத்துவது இன்னும் கஷ்டம், தெரிந்துதான் நினைக்கிறேன், கஷ்டமாகிவிட்டால் சொல்லாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்கும். சீ என்று இருந்தது. உள்ளே போனேன். கமலவேணி மேடம் சூடாக்கும் பொத்தான் இருக்கிற பலகையைத் திறந்துகொண்டிருந்தார். மேடம், நிறுத்துங்க என்றேன். என் குரல் பம்பு சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். தொட்டாயா என்று ஒரு கேள்வி. தெரியாது மேடம் என்றேன். செங்கதிர் நாற்காலியோடு திரும்பினான். தெரியாதுன்னா எதுக்கு நிறுத்தணும், தெரியும்னா சரி, தெரியாதுக்கெல்லாம் நிறுத்தினா நாம எப்பத்தான் முடிக்கிறது என்று மெதுவாகத்தான் கேட்டான், கத்தியிருந்தால் தேவலை. பட்டாச்சுன்னுதான் வைக்கணும் என்றேன், அக்காவின் சொல் என் வாயில் பொருந்தாமல் வந்தது. மேடம் பலகையை மூடினார். பம்பு அடங்கியது, அவர் ஒரு வால்வைத் திருகினார், கலத்துக்குள் காற்று சீறிக்கொண்டு போனது, அவ்வளவு நேரம் இறங்கிய எண் மளமளவென்று ஏறியது. குளிர்ச் சோதனைக்கு நேரம் கிடைக்குமா என்று நிலோஃபர் கேட்டதற்கு, அடுத்த அணியிடம் கேட்டுப் பார்க்கிறேன், அவர்கள் விட்டுக்கொடுத்தால் உண்டு என்றார் மேடம். கதவைத் திறந்து, கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சூடே ஏற்றவில்லை, இதில் இப்போதைக்கு ஒன்றும் தெரியாது என்று உறைக்குள் போட்டார்.

மறுபடி வெள்ளை அங்கி, கையுறை, புது முகமூடி. பழைய முடிச்சை நறுக்கிப் பையில் போட்டேன். நறுக்கியபோது பட்டைகள் நான்கும் படாரென்று எழுந்தன, நிலோஃபர் ஒரு அடி பின்னால் போனாள். அவற்றைச் சுருட்டி, நரம்பைக் கொண்டு வந்து, கம்பியின் மேல் படிய வைத்தேன். இந்தத் தடவை டார்ச்சைச் செங்கதிர் பிடித்தான், நீ என்ன செய்கிறாய் என்று நானே பார்க்கிறேன் என்பதுபோல. இவன் வேலை கொடுத்தவர்களிடம் என்ன சொல்வான், அவர்கள் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவன் அம்மா இவனை நம்பி இருக்கிறாள், என்னைத் திட்டுவாளா. நினைத்துக்கொண்டே சுற்றினேன், நுழைத்தேன். உதட்டில் துணி பட்டது. குனிந்திருக்கிறேன். நரம்பு முகமூடியின் வெளிப்பக்கத்தில் அழுந்தியிருக்கிறது, என் நாக்கு உள்பக்கத்தில் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காகிதமும் மருந்தும் கலந்த ருசி. காலையிலிருந்து இருந்த அதே ருசி.

அப்படியே நின்றேன். முகமூடி காலையிலும் மூக்கில்தான் இருந்திருக்கிறது. நான் எப்போதும்போல நனைக்கப் போயிருக்கிறேன், துணிதான் தடுத்திருக்கிறது. எச்சில் படவே இல்லை. சுத்தமான முடிச்சு, உலர்ந்த முடிச்சு, சூட்டில் நின்றிருக்குமா வழுக்கியிருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அது துண்டு துண்டாகப் பையில் கிடக்கிறது. சிரிக்கலாமா அழலாமா என்று தெரியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் நான் நேர்மையானவள், மதியத்தை வீணடித்தவள் இல்லை. சொல்லாமல் விடலாம்தான்.

"மேடம், ஒரு சொட்டு சுத்தத் தண்ணி கிடைக்குமா, முடிச்சை நனைக்க?" என்று கேட்டேன்.

"அது காலையிலயே இருந்துச்சும்மா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அவர் குப்பியை எடுக்கப் போனார். செங்கதிர் டார்ச்சை இறக்கவில்லை. "என்னாச்சு, ஏன் நின்னுட்ட?" என்றான். "காலையில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் வந்துருச்சா?"

"வந்துச்சு."

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல, செங்கதிர். மாஸ்க்கு மூஞ்சிலதான் இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அதில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. மேடம் கொண்டு வந்த தண்ணீரை முடிச்சின் மேல் ஒரு சொட்டு விட்டார். இழுத்தேன். சத்தமில்லாமல் இறுகி உட்கார்ந்தது. செங்கதிர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டு வந்து, இன்னொரு முடிச்சும் போட்டுடு என்றான்.